அண்ணனின் சத்திரமும் என் கிரேக்கச் சொல்லும்

அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிற இன்று எங்கள் வீட்டுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினருக்கும் சபையாருக்கும் வணக்கம். அப்பாவைப் பற்றி நல்லவிதமாக நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று அண்ணன் மகன் சிங்கப்பூரிலிருந்து கேட்டான். நல்லவிதமாக எழுத அண்ணனிடம் நிறைய இருக்கிறது. என்னிடம் இருப்பது வேறு. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அண்ணன் நீடாமங்கலத்துக்குக் கிழக்கே எங்கள் ஊரில் பிறந்தார். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியர். அவர் திடீரென்று காலமானபோது அண்ணன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஏர் பிடித்தார். நான் படித்தேன். குறுவையும் சம்பாவும் அவர் பாடு. கிரேக்கமும் எபிரெயமும் என் பாடு. பெங்களூரில் இறையியல் முடித்து, ஜெர்மனிக்குப் போய், வேதத்தை வரலாற்று முறையில் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினேன். ஊருக்கு வந்தால் சிலர் என்னிடம் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்பார்கள்.

அண்ணனுக்கு அதைவிடப் பெரிய பட்டம் இருந்தது. எங்கள் லுத்தரன் சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவர்தான் சத்திரக்காரர். யோசேப்பும் மரியாளும் பெத்லகேமில் கதவைத் தட்டும்போது இடமில்லை என்று சொல்லி அனுப்ப வேண்டியவர். உள்ளது ஒரே வரி. அதை அண்ணன் இருபது நிமிடத்துக்கு இழுத்தார். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, ரேஷன் கார்டு இருக்கிறதா, உங்கள் வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று யோசேப்பைக் குடைந்தெடுத்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். கிறிஸ்தவர் அல்லாத தெருக்காரர்கள் பாயோடு வந்து உட்கார்ந்தது அந்தக் காட்சிக்காகத்தான். அது முடிந்ததும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். இரட்சகர் மீதிப் பேருக்கு முன்னால் பிறப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்பு நான் ஜெர்மனியிலிருந்து திரும்பினேன். நீடாமங்கலம் ஸ்டேஷனில் ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க சத்திரக்காரர் தம்பிதானே?" என்றார். ஞாயிற்றுக்கிழமை போதகரும் சபைக்கு என்னை அப்படித்தான் அறிமுகம் செய்தார். பட்டத்தை மறந்துவிட்டார். அன்று பிரசங்கம் எனக்கு. வேதத்தில் பிரசங்கிக்க எத்தனையோ இடம் உண்டு. நான் எடுத்தது சத்திரத்தை.

விசுவாசம் அறிக்கையிடும் கிறிஸ்துவையும் வரலாற்றில் நடமாடிய இயேசுவையும் ஆராய்ச்சி எப்படிப் பிரித்துப் பார்க்கிறது என்று தொடங்கினேன். கிறிஸ்து யார் என்று விளக்கும் பழைய கிறிஸ்தியல் அவருடைய தெய்வத்தன்மையில், மேலிருந்து தொடங்கியது. இக்காலத்துக் கிறிஸ்தியல் அவர் மனிதராக வாழ்ந்த வாழ்வில், கீழிருந்து தொடங்குகிறது என்றேன். எங்கள் பக்கத்தில் கீழ் என்றால் கிழக்கும்தான். முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "கீழேருந்துன்னா நாகப்பட்டினம் பக்கமா?" என்று கேட்டது என் காதிலேயே விழுந்தது. "இருக்கும். நட்சத்திரம் அந்தப் பக்கந்தானே வந்துச்சு" என்றார் அடுத்தவர்.

பிறகு சொல்லுக்கு வந்தேன். பிறப்புக் கதையில் சத்திரம் என்று நாம் மொழிபெயர்த்திருக்கும் கிரேக்கச் சொல்லுக்கு, வீட்டில் விருந்தினர் தங்கும் அறை என்ற பொருளே பொருந்தும். நல்ல சமாரியன் கதையில் நிஜமான சத்திரம் வருகிறது. அங்கே, இந்தப் பிறப்புக் கதையை எழுதிய அதே சுவிசேஷகர் வேறு சொல்லைப் போடுகிறார். ஆகவே யோசேப்பு போனது உறவினர் வீடாக இருக்கலாம். பிறப்புக் கதையில் சத்திரக்காரர் என்று ஒருவர் இல்லவே இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது நான் அண்ணனைப் பார்த்தேன். சொன்னதை இன்றும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. பார்த்ததுதான் தவறு.

நாடகம் போடும் வாலிபர் சங்கத்தார் அந்த ஆண்டே காட்சியை எடுத்துவிட்டார்கள். யோசேப்பு நேராகத் தொழுவத்துக்குப் போனார். பாயோடு வந்தவர்கள் சத்திரம் எங்கே என்று விசாரித்துவிட்டுப் பாயைச் சுருட்டினார்கள்.

மறுநாள் வரப்பில் நின்று அண்ணன் கேட்டார்.

"ஏன்டா தம்பி, சொந்தக்காரன் வீடுங்கிறியே, அவனுமா இடமில்லைன்னான்?"

அறை நிரம்பியிருக்கும், அதனால் வீட்டாரோடு கூடத்திலேயே தங்க வைத்திருப்பார்கள், அந்த ஊர் வீடுகளில் மாடும் உள்ளேதான் கட்டுவார்கள் என்று விளக்கினேன்.

"அப்ப யாரும் வெரட்டலை?"

"இல்லண்ணே."

"நான்தான் இத்தன வருஷமா வெரட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையைப் பார்க்கப் போய்விட்டார். அதன்பின் மேடை ஏறவில்லை. கேட்டவர்களிடம், தம்பி படித்தவன், அவனே சொல்லிவிட்டான் என்றாராம். கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

பிறகு ஊரே கிளம்பியது. யோசேப்பு துபாய்க்குப் போனார். காபிரியேல் தூதன் சிங்கப்பூரில் வெல்டர் ஆனான். நட்சத்திரத்தைப் பார்த்து வந்த சாஸ்திரிகள் மூவரும் திருப்பூர் பனியன் கம்பெனியில் சேர்ந்தார்கள். ஆளில்லாமல் நாடகம் நின்றது. சில ஆண்டுகள் கழித்துப் பெண்கள் சங்கத்தார் அதை மறுபடி எடுத்து, யோசேப்புக்கும் ஒரு பெண்ணையே மீசை ஒட்டி நிறுத்தி, அண்ணனைக் கூப்பிட்டார்கள். அண்ணன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து எனக்குப் போன் செய்தார். சத்திரக்காரனாக வேண்டாம், வீட்டுக்காரனாக நடித்தால் உன் ஆராய்ச்சிக்குச் சரியாக வருமா என்று கேட்டார். வரும் என்றேன்.

பார்க்கப் போனேன். கதவு தட்டியதும் கூட்டம் பழக்கத்தில் சிரிக்கத் தயாரானது. அண்ணன் எட்டிப் பார்த்து, "ரூமு நெறஞ்சு கெடக்கு. அதுக்காக வெளியிலயா நிப்பீங்க? உள்ள வாங்க" என்றார். அழைத்தவர் விடவில்லை. கால் கழுவத் தண்ணீர், காப்பி, மரியாளுக்குத் தலையணை, எந்த பஸ்ஸில் வந்தீர்கள், அப்பாவுக்கு உடம்பு தேவலையா. அரை மணி நேரம் உபசரித்தார். கடைசியில் மரியாளாக இருந்த பெண்ணே, "மாமா, எனக்கு வலி வந்திருச்சு" என்று சொல்லித்தான் கதையை நகர்த்த வேண்டியிருந்தது. அந்த ஆண்டு எல்லாரும் இரட்சகர் பிறக்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணனைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, ஒரு பிற்பகல், கட்டிலருகே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அன்று அந்த வசனத்தை எடுத்தது ஆராய்ச்சிக்காக மட்டும் அல்ல, ஊர் உங்களைக் கொண்டாடியது எனக்குப் பொறுக்கவில்லை என்றேன். அண்ணன் என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"அந்த வேஷம் வேணும்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா."

மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆனா ஒனக்கு சிரிப்புக் காட்ட வராது" என்றார்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் கூடவே காத்திருந்த கார் ஓட்டுநருக்கும், தினமும் வந்து ஜெபித்த போதகருக்கும், அடுப்படியைத் தாங்களே ஏற்றுக்கொண்ட பெண்கள் சங்கத்தாருக்கும் நன்றி. அடக்கத்துக்கு முந்தின நாள், வெளியூர் உறவினர் தங்க வீடு போதாமல், மன்னார்குடியில் லாட்ஜ் பிடிக்க நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடிப்பதற்குள் எதிர்வீட்டுச் சகோதரி எங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் கூடத்தில் வைத்துவிட்டார். லாட்ஜ்காரரிடம் அறை வேண்டாம் என்று சொன்னேன். அந்த வீட்டாருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.