ஏத்தத்துல ஒண்ணு, இறக்கத்துல ஒண்ணு

"இன்னொரு தபா வா," என்கிறார் வியாகுலம். ஜீப் பின்னால் போய் மறுபடி முன்னே வருகிறது. கூடவே அவரும் ஓடி வருகிறார். லுங்கியை மடித்துக் கட்டியிருக்கிறார். ஒரு கை பானெட்டின் மேல் இருக்க, தலை முன்சக்கரத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது. வயது அறுபத்திரண்டு. வாரத்தில் நாலு நாளாவது இந்த ஓட்டம் உண்டு.

வடக்கனந்தலில், கல்வராயன் மலைக்குப் போகும் சாலையோரம் அவர் பட்டறை. மலையில் ஓடும் பழைய ஃபோர் வீல் ஜீப்புகள் முன்பக்கம் முனகத் தொடங்கினால் இங்கேதான் வந்து நிற்கும். "சத்தம் வருது" என்று சொன்னால் அவருக்குப் போதாது. "இன்னா சத்தம்? வாயால போட்டுக் காட்டு" என்பார். பெரிய மீசைக்காரர்கள் ரோட்டோரம் நின்று வெட்கத்தோடு 'கீச் கீச்' என்பார்கள், 'ஊஊ' என்பார்கள். சரியாக வரும்வரை விடமாட்டார். 'கீச்' என்றால் ரப்பர் புஷ் காய்ந்திருக்கிறது. 'ஊஊ' என்றால் வீல் பேரிங். திருப்பும்போது மட்டும் 'டக்டக்' என்றால் ஆக்சில் ஜாயின்ட்.

அந்தக் காது அவரைக் கோயிலிலும் சும்மா விடாது. ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் பிரசங்கம் செய்துகொண்டிருக்க, இவர் மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பார். பூசை முடிந்ததும் ஏணி எங்கே என்று கேட்பார். "ஆண்டவர் பேசறது மட்டும் இந்தாளு காதுல வுழாது," என்று சலித்துக்கொள்வார் மனைவி இசபெல்லா.

போன சனிக்கிழமை நான் போனபோது ஓடிக்கொண்டிருந்தது தங்கதுரையின் ஜீப். வெள்ளிமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் ஆளும் சரக்கும் ஏற்றும் வண்டி. மூன்று வாரமாக முன்பக்கம் 'டொக்'கென்று ஒரு சத்தம். இரண்டு பட்டறைகளில் காட்டி, பேரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாற்றியாயிற்று. சத்தம் மட்டும் போகவில்லை. இங்கே சமதரையில் எத்தனை தடவை மெதுவாக உருட்டியும் அது வாயைத் திறக்கவில்லை.

"சாயங்காலம் பொண்ணு வூட்டுக்காரங்க பதினஞ்சு பேரை மலைக்கு ஏத்தணும் மேஸ்திரி. ரெண்டு நட்டை டைட் பண்ணி வுட்டுடுங்க," என்றார் தங்கதுரை.

வியாகுலம் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாமை மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த வெள்ளச்சியிடம் போனார். மலைக்காரப் பெண். வாராவாரம் மலையிலிருந்து சந்தைக்கு இதே ஜீப்பின் முன்சீட்டில் வருபவர்.

"தங்கச்சி, நீ சொல்லு. எப்ப வருது?"

"என்னையா கேக்கறீங்க?" வெள்ளச்சி ஒரு கணம் தயங்கினார். பிறகு விரலை மடித்துச் சொன்னார். "இறக்கத்துல பிரேக் புடிச்சா ஒண்ணு. அப்பால ஏத்தத்துல அந்தச் சின்னக் குச்சிய இழுத்து வுட்டு ஏறுவாருல்ல, அப்ப ஒண்ணு. நடுவுல ஒண்ணும் கெடையாதுண்ணே. இந்தக் கால்லதான் திம்முனு தெரியும்." இடது காலைத் தட்டிக் காட்டினார்.

சின்னக் குச்சி என்பது நான்கு சக்கரங்களையும் இழுக்க வைக்கும் லீவர். வியாகுலத்தின் முகம் மாறியது. மண்ணெண்ணெய்த் துணியால் இடதுபக்க ஸ்பிரிங் பட்டையைத் துடைத்து, அங்கிருந்து அடியிலிருக்கும் ஆக்சில் வரை சாக்பீஸால் நேராக ஒரு கோடு போட்டார். சாவியைக் கொடுத்தார். "மெதுவா போ. கைய காட்டுனா அழுத்திப் புடி."

தங்கதுரை பிரேக்கை மிதித்தார். டொக்.

குனிந்து பார்த்தோம். கோடு இரண்டாகியிருந்தது. கீழ்ப்பாதி அரை விரற்கடை பின்னால் நகர்ந்திருந்தது.

"ஆக்சிலே நவுந்துக்கினு கீது," என்றார் வியாகுலம். "பிரேக் போட்டா பின்னால போவுது, வீல் இழுத்தா முன்னால வருது. நின்ன வண்டில எவன் பாத்தாலும் தெரியாது."

பட்டைகளைக் கழற்றியபோது, அவற்றை ஆக்சிலோடு நிறுத்தி வைக்கும் நடு போல்ட் இரண்டு துண்டாக வந்தது. தங்கதுரை அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "மூணு வாரமா இதுல கொயந்தைங்கள எல்லாம் ஏத்திக்கினு போனேன் மேஸ்திரி." வியாகுலம் டீ வாங்கிவரச் சொல்லி அவரை எழுப்பி அனுப்பினார்.

பிற்பகல் மூன்றரைக்கு வேலை முடிந்தது. தங்கதுரை கல்யாண வீட்டுக்குப் போன் போட்டு, ஒரு மணிநேரம் தாமதமாகும், ஆனால் வந்துவிடுவேன் என்றார். வெள்ளச்சி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ஜீப் கிளம்பியது.

எதிர்க்கடையில் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள். வியாகுலம் அந்தப் பக்கம் திரும்பாமலே ஒரு கையை உயர்த்தினார். மெஷின் நின்றது. தூரத்து வேகத்தடையில் ஜீப்பின் பிரேக் விளக்கு எரிந்து அணைந்தது. 'டொக்' இல்லை; ஏற்றம் இன்னும் பாக்கி. வண்டி வளைவில் மறைந்த பிறகும் அவர் கையை இறக்கவில்லை.