மோர் மிளகாயும் மணல்குழியும்

கோடையில் விறகு காய்ந்து கிடக்கும், மழையில் ஊறிப்போகும். எங்கள் ஆலைக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது. தென்னை மட்டையும் சீமைக்கருவேலமும் எரித்து மின்சாரம் எடுக்கும் சின்ன ஆலை, போடி மலையடிவாரத்தில். ஏலக்காய் காயவைக்கச் சூடு தேவைப்படுவதோ ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். அதனால் கோடையில் பாய்லரில் வீணாகும் சூட்டை வெந்நீர்க் குழாய் வழியாக ஒரு பெரிய மணல்குழிக்குள் இறக்கி, இடுப்புயரத்துக்குத் தேங்காய் நார்த்தூள் கொட்டி மூடிவிடுவோம். மேலே தகரக் கூரை. மழைக்காலத்தில் அந்தச் சூடு மறுபடி குழாயில் ஏறி, சுற்றியுள்ள ஊர்களில் ஏலக்காய் காயவைக்கும் கொட்டகைகளான ஸ்டோர்களுக்குப் போகும்.

அந்தக் குழிக்கு நான்தான் காவல். சூட்டைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆலையில் ஆட்கள் உண்டு, ஆனால் அதற்கும் குழிக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்பும் உண்டு. மனைவி போய்ச் சேர்ந்து, மகளும் கல்யாணமாகித் திருப்பூர் போன பிறகு, வீட்டிலும் பேச்சில்லை, வேலையிலும் பேச்சில்லை. தேனி பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது என் குரல் எனக்கே புதிதாக இருக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பேச ஆளில்லாமல் தவித்துப்போயிருந்தேன்.

ஆனி மாதச் சாரலில் அவள் வந்தாள். மோர் மிளகாய் போட்டுப் போடிக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். வெயிலைக் காணாமல் மிளகாய் பூஞ்சை பிடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, இங்கன மண்ணு சூடா இருக்காம்ல. ஒரு ஓரமாக் காயப்போட்டுக்கிறட்டா?"

நார்த்தூளின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. இருக்கத்தானே வேண்டும், மூடியதே அதற்குத்தான். அவள் முகம் வாடியது. நானே மண்வெட்டியை எடுத்து ஒரு பாயளவுக்குத் தூளை வாரி ஒதுக்கிக் கொடுத்தேன்.

ஆவணி முடியும்வரை தினமும் வந்தாள். மிளகாயைப் புரட்டிக்கொண்டே பேசுவாள். கடைக்காரர்களின் கஞ்சத்தனம், பஸ்ஸில் நடந்த சண்டை, ஒன்றுமில்லாவிட்டால் மழை. "சாப்பிட்டீகளாண்ணே?" என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காக ஒரு பாயை இரண்டு பாயாக்கினேன், பிறகு நாலாக்கினேன். சூடு இறங்குவது நோட்டில் தெரிந்தது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் குழாயில் வெதுவெதுப்பான தண்ணீர்தான் வந்தது. ஸ்டோர்களில் ஏலக்காய் பச்சை மங்கி மஞ்சளித்துவிட்டது. விவசாயிகள் திரண்டு வந்தார்கள். அவர்களின் சங்கத் தலைவர் குழியைச் சுற்றி வந்து கேட்டார்.

"தூள யாருய்யா இப்பிடிக் கிளறுனது? வருசம் பூராப் பட்ட பாடுய்யா."

"பன்னி எறங்குதுங்கய்யா" என்றேன்.

மலையடிவாரத்தில் அதை யார் சந்தேகப்படுவார்கள்? அந்த வாரமே குழியைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுக் கதவும் வைத்தார்கள். சாவியை என்னிடமே கொடுத்தார்கள்.

அடுத்த ஆனியில் அவள் மிளகாய்ச் சட்டியோடு வந்து வேலிக்கு வெளியே நின்றாள்.

"வேலி போட்டுட்டாகளாண்ணே?"

"ஆமாம்மா."

"ஊருக்குள்ள சொன்னாக. பன்னி வந்து கிளறிப்பிடுச்சாமே."

குரலில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "இல்லம்மா, அது வந்து..." என்று இழுத்தேன். கதவைத் திறந்தால் இந்த வருஷமும் ஏலக்காய் போய்விடும். திறக்காவிட்டால் இவள் போய்விடுவாள். சட்டைப் பைக்குள் சாவியைப் பிடித்தபடி நின்றேன்.

"சரிண்ணே, சாரல் வலுக்குது" என்று சட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். அதன் பிறகு அவள் வரவே இல்லை.

அந்த வருஷம் மார்கழிவரை சூடு நின்றது. தலைவர் சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினார்.

"இப்பத்தேன்யா பன்னித் தொல்லை விட்டுச்சு."

ஆமாம் என்று தலையாட்டினேன்.