பெல்ட்டுக்குக் கேட்ட சம்மதம்

நானும் கணவரும் பிரிந்தபோது மகளுக்கு எட்டு வயது. மாதாமாதம் அவர் ஒரு தொகை தர வேண்டும். அது போக, மருத்துவம், படிப்பு என்று கூடுதலாக வரும் செலவில் ஆளுக்குப் பாதி. ஆனால் இருவரும் முன்கூட்டியே சம்மதித்த செலவாக இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் இப்படித்தான் கையெழுத்துப் போட்டோம். அன்று அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

அவருக்குப் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. நானும் மகளும் கொடைக்கானலில், நாயுடுபுரத்தில் வாடகைக்கு இருக்கிறோம். ஒரு காட்டேஜில் வரவேற்பு மேசை வேலை எனக்கு. சீசன் முடிந்தால் சம்பளமும் குறைந்துவிடும்.

ஆறாம் வகுப்பில் அவளுடைய ஸ்வெட்டர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால், தூக்கியிருந்தது தோள். மதுரைக்குக் கூட்டிப்போனேன். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, முதுகெலும்பு வளைகிறது, உடம்புக்கு அளவெடுத்துச் செய்கிற பெல்ட் போட வேண்டும் என்றார்.

"இப்ப வளர்ற சமயம்மா. இப்பவே போட்டாத்தான் வளைவு கூடாம நிக்கும். வயசுக்கு வந்துட்டா வளர்ச்சி குறைஞ்சிடும், பெல்ட்டோட பலனும் குறைஞ்சிடும்."

பாதிப் பணம் என்னிடம் இருந்தது. மீதிக்கு அவருக்குப் போன் செய்தேன்.

"நல்லாத்தான நடக்குறா? பெல்ட்டு எதுக்கு? எங்க டாக்டர்ட்ட ஒருக்கா காட்டிட்டுச் சொல்றேன்."

"எப்பக் காட்டுவீங்க?"

"தைப்பூசம் முடியட்டும். கடையில சோலி தலைக்கு மேல கெடக்கு."

தைப்பூசம் முடிந்தது. பங்குனி உத்திரம் வந்தது. பழனியில் கூட்டத்துக்கா பஞ்சம்? நானே வாங்கிவிடட்டுமா என்று வக்கீலிடம் கேட்டேன்.

"அவர் சம்மதிக்காம வாங்கிட்டா, பாதி கேக்குறது கஷ்டங்கம்மா. மனுப் போடுவோம். தேதி கெடைக்க நாளாகும்," என்றார்.

மனுப் போட்டோம். தேதி தள்ளித் தள்ளிப் போனது. கடன் கேட்ட இடத்திலெல்லாம், "புள்ளைக்கு அப்பா இருக்காருல்ல?" என்றார்கள். இருக்கிறார். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஆனி மாதம் ஒரு காலையில் அவள் பெரியவளானாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரி நினைத்துக்கொண்டாள்.

முறைக்கு அவருக்கும் தகவல் சொன்னேன். மாதக்கணக்கில் இழுத்தடித்த மனிதர், மறுநாள் வெள்ளனே காரெடுத்து, ஸ்வீட் பெட்டியோடு மலையேறி வந்துவிட்டார்.

"சடங்கைப் பெருசா வைக்கணும். மண்டபம் பாத்துட்டேன். ஊர்ல எத்தன வீட்டுக்கு மொய் செஞ்சிருக்கேன், அதெல்லாம் திரும்பி வர வேண்டாமா? செலவு பூரா என்னோடது."

இதற்கு யார் சம்மதமும் தேவைப்படவில்லை.

"அப்ப பெல்ட்டு?"

"சடங்கு முடியட்டும். மொய்யிலயே வெரசா வாங்கிருவோம்."

அதை நம்பித்தான் தலையாட்டினேன்.

மண்டபத்தில் அவளுக்குப் பட்டுச்சேலை கட்டி, மாலை போட்டு மேடையில் நிறுத்தியிருந்தார்கள். வாசலில் மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் அவர்.

"பாப்பா, தோள நேரா வைம்மா," என்றார் போட்டோகிராபர்.

அவள் முயன்றாள். மாலை ஒரு பக்கமாகச் சரிந்தது. போட்டோகிராபர் மறுபடியும் சொன்னார். சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் அப்பாக்காரர் எழுந்து மேடையேறினார். உயர்ந்திருந்த தோளில் கையை வைத்து அழுத்தினார். கையை எடுத்ததும் தோள் பழையபடி எழுந்தது. மறுபடி அழுத்தினார்.

"ஒழுங்கா நில்லுத்தா. நேரா நிக்கக்கூடவா தெரியாது?"

அவள் கேமராவைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இவ்வளவுதாம்ப்பா முடியும். அதுக்குத்தான் பெல்ட் கேட்டோம்."

முன்வரிசை வரைக்கும் கேட்டது. அவர் கையை எடுக்கவில்லை. அப்படியே படம் எடுத்தார்கள்.

மொய்ப் பணத்தில் அவர் கடையை எடுத்துக் கட்டினார். பெல்ட்டை நான் சீட்டெடுத்து வாங்கினேன். இனிமேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. அதில் மட்டும் அவள் தோள்கள் இரண்டும் சமமாகத் தெரிகின்றன. ஒன்றின் மேல் அவருடைய கை. வீட்டுக்கு வந்து பார்க்கிறவர்கள், பொண்ணு மேல அப்பாவுக்கு என்ன பாசம் என்கிறார்கள்.