மச்சாள் பார்க்க வந்த அரண்மனைத் தோட்டம்

என் மச்சாள், கணவரின் அக்கா, பாரிசிலிருந்து வந்து நின்ற நாட்கள் முழுவதும் எங்கள் வீட்டில் அரண்மனைக் கதைதான். பாரிசைச் சுற்றி ராசாக்கள் கட்டிவைத்த அரண்மனைகளில் மச்சாள் பார்க்காதது ஒன்றும் இல்லை. யார் அங்கே விருந்தாளியாகப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை அவர்களை ஒரு அரண்மனைத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போவார். தடாகத்துக்கு முன்னால் பட்டுச்சேலையோடு நிற்கிற படம் உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். அந்தக் குழுவை நடத்துவதும் அவர்தான்.

ஆக்லாந்தில், பிளாக்ஹவுஸ் பேயில் இருக்கிற எங்கள் வீட்டுக் குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கட ஊரில மனுசர் பாக்க ஒண்டும் இல்லையோ?" என்றார்.

கடல் இருக்கிறது என்றேன்.

"கடல் யாழ்ப்பாணத்திலயும் கிடக்கு."

அப்போதுதான் என் கணவர் வாயைத் திறந்தார். "நான் வேலை செய்யிற இடமும் அரண்மனை மாதிரித்தான் அக்கா. வந்து பாருங்கோவன்."

ஒனிஹங்காவில் அவர் வேலை செய்த தொழிற்சாலை மூடிய பிறகு பல மாதம் வீட்டில் இருந்தார். கடைசியாக ஒரு பழைய சீமான் வீட்டுத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. இந்தப் பக்கத்து நிலத்தை எல்லாம் வளைத்துப் பிடித்த ஒரு வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில் கட்டிய பெரிய மரவீடு. இப்போது சனம் போய்ப் பார்க்கலாம். ஆக்லாந்தில் அரண்மனை என்று காட்டுவதற்கு அப்படி ஏதாவதுதான் உண்டு. வேலை மூன்று மாத ட்ரயல். பிடிக்காவிட்டால் போகச் சொல்லிவிடலாம். முடிய ஒரு கிழமைதான் மிச்சம். வேலை நிரந்தரமாகாவிட்டால் மோர்ட்கேஜ் கட்ட வழியில்லை, வீடு போகும். இது மச்சாளுக்கும் தெரியும். இரண்டு தரம் சொல்லியிருந்தோம்.

மச்சாளை நான் பிழையாகவே எழுதுவேன் என்று நினைக்க வேண்டாம். என் கணவருக்குச் சின்ன வயதிலேயே தாய் இல்லை. சண்டைக்கால இடப்பெயர்வில் காய்ச்சலோடு கிடந்தவரை முதுகில் சுமந்துகொண்டு நடந்தது இந்த அக்காதான். அது உண்மை. நான் கலியாணம் முடித்த முதல் கிழமையே அதை எனக்குச் சொன்னார். பிறகும் சொன்னார். இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாங்கள் போனது ஆடிச் செவ்வாயன்று. இங்கே குளிர்காலம், புல் எல்லாம் ஈரம். வேலை நேரத்தில் தன்னோடு கதைத்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்று என் கணவர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். மச்சாள் வாசலில் நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"உதுவோ அரண்மனை? எங்கட பக்கம் உதில ராசாவின்ர குதிரை கூடப் படுக்காது."

சிவப்புக் கமேலியா மரங்களுக்குக் கீழே என் கணவர் முழங்காலில் நின்று களை பிடுங்கிக்கொண்டிருந்தார். கால்சட்டை எல்லாம் சேறு. எங்களைக் கண்டதும் தலையை மட்டும் ஆட்டினார். மச்சாள் நேரே அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"எஞ்சினியராக்க வேணுமெண்டு படிப்பிச்சனான். நீ வந்து வெள்ளைக்காரன்ர புல்லுப் புடுங்கிறாய். நிமிந்து பாரடா, ஒரு படம் எடுப்பம்."

"வேண்டாம் அக்கா."

எடுத்துவிட்டார். எடுத்ததைக் குழுவிலும் போட்டார். கீழே எழுதினது: எங்கட வீட்டு ராசா, தன்ர அரண்மனையில. என் போன் அடித்தது. என் கணவரின் சட்டைப் பையிலும் அடித்தது. கனடாவில் இருக்கிற சித்தப்பா "கிரீடம் எங்கே?" என்று கேட்டிருந்தார். லண்டனில் இருந்து சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்தன. என் கணவர் கையுறையைக் கழற்றி, எல்லாவற்றையும் வாசித்தார். பிறகு கையுறையைப் போட்டுக்கொண்டு களையைப் பிடுங்கினார்.

நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மச்சாள் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துப் பூப் பிடுங்கத் தொடங்கிவிட்டார். ஒன்று இரண்டு அல்ல. கொப்பை வளைத்துப் பிடித்து, மொட்டும் பூவுமாக.

"மச்சாள், பிடுங்காதேங்கோ. இஞ்ச விடமாட்டினம்."

"அம்மனுக்குச் சிவப்புப் பூ. கடவுளுக்குப் பிடுங்கிறதை ஆர் கேக்கிறது?"

"அங்க பாரிசில அரண்மனையளில பிடுங்குவீங்களோ?"

"அங்க காவலாளி நிப்பான். இது என்ர தம்பி வேலை செய்யிற இடம்."

அவர் அதை உண்மையாகவே நம்பினார். தம்பி நிற்கிற நிலம் தன் வளவு மாதிரி. ஒரு கொப்பு முறிந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் மேற்பார்வை செய்கிற பெண் திரும்பினாள். சேற்றுச் சப்பாத்தோடு விறுவிறு என்று வந்தாள். முறிந்த கொப்பைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தாள். பிறகு என் கணவரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்:

"இவர்கள் உனக்குத் தெரிந்தவர்களா?"

மச்சாளுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. ஆனாலும் விளங்கிவிட்டது. "சொல்லடா தம்பி, நான் உன்ர அக்கா எண்டு" என்றார் சிரித்துக்கொண்டே.

என் கணவர் எழுந்து முழங்காலைத் தட்டினார். "இல்லை. தெரியாது" என்றார் அந்தப் பெண்ணிடம். "என் மொழிதான் பேசுகிறார்கள். ஆனால் யாரென்று தெரியாது."

நானும் பக்கத்தில்தான் நின்றேன். என்னையும் சேர்த்துத்தான் சொன்னார்.

"அப்படியென்றால் உன் மொழியிலேயே வெளியே போகச் சொல்."

அவர் மச்சாளிடம் கையை நீட்டினார். "பையைத் தாங்கோ அம்மா. வெளியில போங்கோ."

அக்கா என்று சொல்லவில்லை. கோயில் வரிசையில் நிற்கிற யாரோ ஒரு பொம்பிளையிடம் சொல்வதுபோல அம்மா என்றார். மச்சாள் பையைக் கொடுத்தார். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து, பூவை எல்லாம் களை கிடந்த தள்ளுவண்டிக்குள் கொட்டினார்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் சொன்னார் என்று உறவினர்களுக்கு நான் சொன்னேன். அது பாதிதான். அவர் முகத்தை நான் பார்த்தேன். அதில் பயம் இருக்கவில்லை. எனக்கு மச்சாளில் இரக்கமும் வரவில்லை. சுமந்த பிள்ளையைச் சேற்றில் வைத்துப் படம் எடுத்து உலகம் முழுக்க அனுப்பினவர் அவர்.

மச்சாள் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை. கடையில் வாங்கிய பாணைத் தின்றார். விமான நிலையத்தில் என் கணவர் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, "அக்கா" என்றார். மச்சாள் டாக்சிக்காரனுக்குச் சொல்வதுபோல அவர் முகத்தைப் பார்த்து, "மெர்சி, மொசியூ" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனார். நாங்கள் வீடு வந்து சேர முன்பே வாட்ஸ்அப் குழுவிலிருந்து என் கணவரை நீக்கியிருந்தார். என்னை நீக்கவில்லை.

வேலை நிரந்தரமானது. உங்கள் ஆட்களை நீ நன்றாகச் சமாளிக்கிறாய் என்று அந்த மேற்பார்வைப் பெண் பாராட்டினாளாம். அன்றிலிருந்து எங்கள் நிறத்தில் யாராவது பூவுக்குக் கிட்டப் போனால் அவரைத்தான் அனுப்புகிறார்கள். அவரும் போகிறார்.

அவரை ஏற்றிவர நான் போனால் உள்ளே போவதில்லை. தெரியாத ஆள்தானே நான். வேலியோரம் காரில் இருப்பேன். போன சனிக்கிழமை வேலிக்கு அந்தப் பக்கம், எனக்குக் கேட்கிற தூரத்தில், ஒரு வயதான அம்மா, சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட் போட்டவர், நான்கு பூவைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நின்றார். என் கணவர் அவரிடம் ஆங்கிலத்தில் பேசினார்.

"சாமிக்குத்தான் எடுத்தேன் தம்பி" என்றார் அந்த அம்மா. பிறகு அவர் முகத்தை உற்றுப் பார்த்து, "நீங்க தமிழா?" என்று கேட்டார்.

"நோ" என்றார் என் கணவர். கைக்குட்டைக்காகக் கையை நீட்டினார்.