ஒடெஸ்ஸாவின் வாசல் விளக்கு

மெம்பிஸில் லவெல் டிட்மோர் ஐம்பத்திரண்டு வருஷமாகப் பாடுகிறார். அத்தனை வருஷமும் யாருக்கும் தெரியாமலே பாடுகிறார் என்றாலும் பொய்யில்லை. ஒரே ஒரு இசைத்தட்டு தேசிய விற்பனைப் பட்டியலில் தொண்ணூற்று மூன்றாம் இடத்தை எட்டிப் பார்த்தது. அடுத்த வாரமே வந்த வழியே திரும்பிவிட்டது. மனுஷன் அசரவில்லையே! சனிக்கிழமைதோறும் கெளுத்தி மீன் வறுக்கும் கடையில் மேடையேறிவிடுவார்.

அந்தப் பாட்டு மனைவி ஒடெஸ்ஸாவுக்காக அவரே எழுதியது. "ஒடெஸ்ஸா, வாசல் விளக்கை அணைக்காதே, வந்துகொண்டிருக்கிறேன்" என்று வெளியூர் போன கணவன் கெஞ்சுவான். யாரோ ஒரு புண்ணியவான் ஒடெஸ்ஸாவைத் தூக்கிவிட்டு "கர்த்தரே" என்று போட, பாட்டு தேவாலயத்துக்குள் நுழைந்துவிட்டது. லவெலின் சபையில் அதைப் பாடாத ஞாயிறு இல்லை. அச்சடித்த தாளில் மட்டும் "இயற்றியவர் தெரியவில்லை" என்றிருக்கும்.

"வாயத் தொறந்து சொன்னா முத்தா உதிர்ந்துரும்?" என்பாள் ஒடெஸ்ஸா.

"பொண்டாட்டிக்கு எழுதுனதுன்னு தெரிஞ்சா சபையில பாடுவாங்களா? நான் செத்தாலும் அது ஒண்ணாவது இருக்கட்டும்டி."

ஞாயிறுதோறும் அந்த வரியைப் பார்க்கும்போது அவருக்கும் பொறுக்காது. ஆனாலும் சொல்லமாட்டார்.

சபையின் ஆண்டுவிழா அன்று, தனியாகப் பாட வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. போதகர் லவெலைக் கூப்பிட்டார். முந்தின நாள், சபைக்காரர்கள் எட்டிப் பார்க்காத மீன்கடையில் பழைய வரிகளோடே நாலு தரம் பாடிய நாக்கு அல்லவா? கண்ணை மூடி உருகி, கர்த்தர் வர வேண்டிய இடத்தில் "ஒடெஸ்ஸா!" என்று கூவிவிட்டார்.

ஆர்கன் நின்றது. பெண்களின் கையிலிருந்த விசிறிகள் நின்றன. வருகிறவர்களை உட்காரவைக்கும் ஊழியத்தில் வெள்ளைக் கையுறையோடு வாசலில் நின்ற ஒடெஸ்ஸா, "போச்சு!" என்றாள்.

முன்வரிசையிலிருந்து பேர்டி அம்மா எழுந்தார். எண்பத்தொன்பது வயது, சபையில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"அப்போ நாப்பது வருஷமா நான் ஒடெஸ்ஸாகிட்டயா அழுதுட்டிருந்தேன்?"

"ஆமாம்மா. நான் எழுதுனதுதான். மன்னிச்சிருங்க."

"நீயா? அடப்பாவி! என் புருஷன அடக்கம் பண்ணப்போ இதத்தானேடா பாடினோம்! பின்னாடி பெஞ்சுல உக்காந்து நீயும் கூடப் பாடினியே, ஒரு வார்த்தை சொன்னியா?"

போதகரின் பேனாவைப் பிடுங்கித் தன் தாளில் ஒரு வரியை அடித்தார். "எல்லாரும் அடிங்க. லவெல் டிட்மோர்னு எழுதுங்க." பிறகு லவெல் பக்கம் திரும்பினார். "முதல்லேருந்து பாடு. கர்த்தருக்கும் பாடு, அவளுக்கும் பாடு. ரெண்டு பேருந்தானே உனக்காக முழிச்சிருந்தாங்க."

லவெல் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. வாசலிலிருந்து ஒடெஸ்ஸாதான் முதல் அடியை எடுத்துக் கொடுத்தாள்.