அக்காவோட பதினஞ்சு செகண்டு

அந்த வீடியோவ எடுத்தது நான்தான். வேற யார் தலையிலயும் கட்ட முடியாது. கட்ட முடிஞ்சிருந்தா கட்டியிருப்பேன், அவ்ளோ நல்லவ இல்ல நானு.

எங்க வூடு முகத்துவாரக்குப்பத்துல, ஆறு கடல்ல சேர்ற எடம். அம்மா போனப்புறம் என்னை வளத்து, படிக்கவெச்சு, ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில கம்ப்யூட்டர் முன்னாடி குந்தவெச்சது அக்கா. எல்லாம் மீன் வித்துத்தான். திருவொத்தியூர்ல ஒரு தெருமுனை, மெடிக்கல் ஷாப்புக்குப் பக்கத்துல, இருவது வருசமா அது அவ எடம். விடியகாலம் காசிமேட்டுல ஏலத்துல எடுப்பா. அவ வூட்டுக்காரரு, எங்க மாமா, ஆத்துல மடவை மீனு புடிச்சாருன்னா அதுவும் கூடைல சேந்துக்கும்.

அவ வியாபாரத்துல ஒரு பழக்கம் கீது. வாங்க வர்றவங்க கேக்குறதுக்கு முன்னாடியே மீனைக் கையில எடுத்து, கட்டைவெரலால செவுளத் தூக்கி, "பாத்துக்கோ"ன்னுவா. உள்ள ரத்தச் செவப்பா இருந்தா புது மீனு, வெளுத்திருந்தா பழசு. வெளுத்த மீனைக் கூடையில வெச்சுகினு அவ குந்துனதே இல்ல. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசமாட்டா.

ஒரு மழைக்காலத்துல வெள்ளம் வடியும்போது ஆத்துல எண்ணெய் வந்துது. எந்தக் கம்பெனி வுட்டதுன்னு ஆளுக்கொண்ணு சொன்னாங்க. மாமாவோட வலை கறுப்பாயிடுச்சு, புடிச்ச மடவையெல்லாம் தார் பூசினாப்புல கெடந்துது. ஆபீசருங்க வந்து மூக்கைப் பொத்திகினு பாத்துட்டுப் போனாங்க. இதை ஊரே பாக்கணும்னு போனை எடுத்தேன்.

கரையைக் காட்டினேன், வலையைக் காட்டினேன், நடந்ததையெல்லாம் ஒயுங்கா சொன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். அக்கா கையில ஒரு மடவையக் குடுத்து, செவுளத் தூக்கிக் காட்டுன்னேன். வாணாம்டின்னு வெக்கப்பட்டா. நான் வுடல. அவளுக்குத் தெரிஞ்சது ஒரே விதம். கூடைய முன்னாடி வெச்சுகினு குந்தி, கட்டைவெரலால செவுளத் தூக்கி, உள்ள அட்டக் கறுப்பு, கேமராவப் பாத்து "பாத்துக்கோ"ன்னா. மீன்காரங்களுக்கு ஒண்ணை உண்மைன்னு காட்ட வேற வழி தெரியாது. செவுளத் தூக்கிட்டா அப்பால பேச்சே இல்லன்னு நெனச்சோம்.

மூணே நாளு. வீடியோ எங்கெங்கயோ போச்சு. எங்க கம்பெனில எல்லாரும் எனக்குக் கை குடுத்தாங்க. நான் ஒரு மப்புல திரிஞ்சேன். பாத்ரூமுக்குப் போயி எத்தினி பேரு பாத்தாங்கன்னு பாப்பேன், சோத்துல கை வெச்சுகினு பாப்பேன். ஹார்ட்டு ஹார்ட்டா வந்துகினே இருந்துது. அதே மூணு நாளும் அக்காவோட கூடை போனபடியே திரும்பி வந்துது. அதை நான் பாக்கல. இப்ப நெனச்சாலும் என்னை நானே செருப்பால அடிச்சுக்கணும்போல கீது.

எவனோ ஒரு கஸ்மாலம் நான் பேசினதை வெட்டித் தூக்கிட்டு, அக்கா செவுள் தூக்குற பதினஞ்சு செகண்டை மட்டும் வெச்சிருந்தான். மேல பெரிய எழுத்துல, "உஷார் மக்களே, விஷ மீன் விக்கிறாங்க." எண்ணெய் போச்சு, ஆறு போச்சு, மிச்சம் எங்க அக்காவும் கூடையும். அவளை ஜெயில்ல போடணும்னு ஒருத்தன் எழுதினான். பவுடர் பூசின ஒருத்தி அக்கா மாதிரியே குந்தி, எங்க பாஷைய இஸ்து இஸ்துப் பேசி நடிச்சா. அக்கா பேசினதே ஒரு வார்த்தை, அதுல இன்னா பாஷையக் கண்டாளோ. அப்பால ரெண்டு கட்சிக்காரனுங்க உள்ள பூந்து அடிச்சுகினானுங்க. எண்ணெய வுட்டது யாருன்னு ஒருத்தன்கூட கேக்கல.

ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க குந்தி ஒவ்வொருத்தனுக்கும் பதில் எழுதினேன். அதைப் பாத்து இன்னும் பத்து பேரு வந்து என்னைத் திட்டினானுங்க. போனைக் கீழ வெப்பேன், திரும்ப எடுப்பேன்.

மறுநாள் லீவு போட்டு அக்காகூட தெருமுனைக்குப் போனேன். இருவது வருசமா அவகிட்டயே வாங்குற டீச்சரம்மா வந்தாங்க. அக்கா ஒரு சங்கராவ எடுத்து செவுளத் தூக்கினா. செக்கச்செவேல்னு இருந்துது. காசிமேட்டு மீனு, ஆத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது. டீச்சரம்மா மீனைப் பாக்கல, அக்கா மூஞ்சியத்தான் பாத்தாங்க. பசங்க வேணாங்கறாங்கம்மா, போன்ல வந்துச்சாம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அக்கா தூக்கின மீனைக் கொஞ்ச நேரம் அப்படியே வெச்சிருந்தா.

என் வீடியோவ அழிச்சேன். வெட்டினது இன்னும் சுத்திகினு கீது. செவப்புச் செவுளக் காட்டி வேறொண்ணு எடுத்துப் போட்டேன். எங்க கம்பெனில நாலு பேரு பாத்தாங்க. மெடிக்கல் ஷாப்புக்காரரு நல்ல மனுசன்தான். கடைக்கு வர்றவங்க மொகத்தைச் சுளிக்கிறாங்க, கொஞ்ச நாளைக்கு வேற எடம் பாரும்மான்னாரு. அந்தக் கொஞ்ச நாளு இன்னும் முடியல. அங்க இப்ப ஒரு பானிபூரி வண்டி நிக்குது.

அக்கா ராயபுரத்துல ஒரு அபார்ட்மெண்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போறா. என்னை ஒரு வார்த்தை திட்டினதில்ல. திட்டித் தொலைச்சிருந்தாலாவது தேவலாம்.

போன வாரம் ஒரு சாயந்திரம் வூட்டுக்கு வந்து, முந்தானையால மூஞ்சியத் தொடைச்சுகினே சொன்னா. அந்த வூட்டம்மா கொயந்தைக்குன்னு போன் ஆப்புல ஆர்டர் போட்டு மீன் வரவெச்சு, கழுவி வெட்டத் தெரியுமான்னு கேட்டாங்களாம். தெரியும்னாளாம். தெருவுல நாங்க வாங்கறதே இல்ல, இதைப் பாருன்னு போனை அவ மூஞ்சிக்கு நேரா நீட்டினாங்களாம். அதே பதினஞ்சு செகண்டு. போன்ல கீற மூஞ்சிதான் எதிர்ல நிக்குதுன்னு அவங்களுக்குத் தெரியல. தெருமுனையில ஊருக்கே அடையாளம் தெரிஞ்ச மூஞ்சி, பாத்திரம் தேய்க்கிற எடத்துல யாரு நிமிந்து பாக்குறா.

"நீ இன்னாக்கா சொன்ன?"

"ஆமாம்மான்னேன்."

அப்பால மீனை வெட்ட எடுத்தாளாம். பழக்கதோசத்துல கட்டைவெரலு தானா செவுளத் தூக்கிடுச்சாம்.

"வெளுத்துப்போய்க் கீதுடி. எத்தினி நாளு ஐசுல கெடந்துதோ. கொயந்தைக்குக் குடுக்காதீங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். நான் சொன்னா நம்புவாங்களா, நீயே சொல்லு."

வெட்டி, மஞ்சா போட்டுக் கழுவிக் குடுத்துட்டு வந்தேன்னு சொல்லிட்டு, அவ அடுப்பப் பத்தவெக்கப் போயிட்டா.