காலணி கழற்றிப் பேசியவர்

1974ஆம் ஆண்டு, ஜனவரி மாதப் பனிக்காலம். பஃபலோ நகரின் சிறிய வானொலி நிலையமொன்றில் ஒலிநாடா வெட்டி ஒட்டும் வேலைக்கு முதல் நாள் வந்த ஆர்லீன் டோபெக், கண்ணாடிக்கு அப்பாலிருந்த ஒலிப்பதிவு அறையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் குனிந்து காலணிக் கயிறுகளை அவிழ்ப்பதைக் கண்டாள். அவர் இரண்டையும் கழற்றி, முனைகள் சுவரைப் பார்க்கும்படி நாற்காலிக்கு அடியில் இணையாக வைத்தார். பிறகே ஒலிவாங்கியை நோக்கி நிமிர்ந்தார்.

"கால் பூட்டிக் கெடந்தா எனக்கு வாய் தெறக்காதும்மா" என்றார்.

அவர் வெண்டல் கிராட்ஸ். பகலில் காலணிக் கடை விற்பனையாளர். வந்தவர் முன் மண்டியிட்டு, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, அளவெடுப்பார். ஆளில்லாத வேளைகளில் அட்டைப்பெட்டி மூடிகளின் உட்புறத்தில் கதை எழுதுவார். வியாழன் பிற்பகல்களில் அந்த மூடிகளோடு நிலையத்துக்கு வந்து ஒலிப்பதிவு செய்வார். சனிக்கிழமை நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு அது ஒலிபரப்பாகும். நாற்பது நிமிடங்கள், ஒரே குரல்.

ஒரு கதையில், ஒருவருடைய இடக்காலுக்கு மட்டும் நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வருகிறது. நடுவர் குழுவில் அமர வேண்டுமாம். பதினொரு நாள் அவர் ஒற்றைக்காலில் காத்திருக்கிறார். கால் வீடு திரும்புகிறது. ஆனால், வழக்கைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்ல மறுக்கிறது. இத்தகைய கதைகளைப் பனிப்பொழிவு அறிக்கை படிப்பவரைப்போல் ஏற்ற இறக்கமின்றிச் சொல்வார். இரவுப்பணிச் செவிலியரும் வாடகைக் கார் ஓட்டுநரும் ரொட்டி அடுமனைக்காரரும் அவருக்குக் கடிதம் எழுதினார்கள்.

இருமலையும் நாப்பிறழ்வையும் ஆர்லீன் பிளேடால் சாய்வாக வெட்டி நீக்கி, நாடாவின் இரு முனைகளையும் ஒட்டுவாள். வெட்டிய துண்டுகள் மேசை விளிம்பில் தொங்கும்.

"என்ன டாக்டரம்மா, இன்னிக்கு எத்தன வெரல் போச்சு?"

"மூணு இருமல், ஒரு ஏப்பம். பொழச்சுக்குவீங்க, போங்க."

1985ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒருநாள், "கரண்டியைத் திறந்துகொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன்" என்று அவர் பதிவில் சொன்னார். ஆர்லீன் சிரித்துவிட்டு அதை அப்படியே விட்டுவைத்தாள். அந்த வாரம் கடிதங்கள் இருமடங்காயின. அடுத்த வாரம், "என் ஏணி என்னை விட்டுவிட்டு அவள் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்" என்றார். 'இத்தனை ஆண்டுகளில் இதுவே உச்சம்' என்று ஒரு செவிலியர் எழுதியிருந்தார்.

அதன்பின் ஒரு வியாழக்கிழமை, இருவரும் உப்புத் தூவிய ரொட்டியில் மாட்டிறைச்சி வைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். வெண்டல் கடுகுச் சாந்துக் குப்பியை நோக்கிக் கை நீட்டினார்.

"அந்தத் திங்கக்கெழமைய இப்பிடித் தள்ளு."

ஆர்லீன் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, நீட்டிய கையும் மடங்கவில்லை. அங்கே ஒலிவாங்கி ஏதும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மூளையில் சொற்கள் தங்கும் பகுதி தேய்ந்துவருகிறது என்றும் போன சொற்கள் திரும்பமாட்டா என்றும் மருத்துவர் சொல்லிவிட்டார். டிசம்பரில் காலணிக் கடையும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

"இங்க யாருகிட்டயும் சொல்லிடாத, ஆர்லீன். எனக்கு இது ஒண்ணுதான் மிச்சம்."

அவள் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாமல் அவரைச் செப்பனிடத் தொடங்கினாள். பழைய நாடாக்களிலிருந்து 1976இல் அவர் சொன்ன 'கதவை' என்பதையும் 1979இல் சொன்ன 'மனைவி' என்பதையும் தேடி வெட்டி, பிழைபட்ட இடங்களில் ஒட்டினாள். நடுங்கும் குரலினிடையே ஓர் இளைய குரல் ஒரு சொல்லுக்கு மட்டும் வந்துபோயிற்று. நாற்பது நிமிடத்துக்கு மூன்று நாள் வேலை. சனிக்கிழமை வீட்டில் கேட்டுவிட்டு, வியாழனன்று அவர் மலர்ந்த முகத்தோடு வருவார்.

"போன வாரம் சுத்தமா வந்துச்சில்ல?"

"ரொம்பச் சுத்தம்."

கடிதங்கள் குறைந்தன. ஏப்ரலில் நிலைய மேலாளர் ரஸல் அவளைக் கூப்பிட்டார்.

"அந்தக் கரண்டி மாதிரி ஒண்ணையும் காணோமே? ஆளு வத்திட்டாரா? இப்பிடியே போனா அடுத்த மாசத்தோட நிறுத்திட்டு, அந்த நேரத்துக்கு ஜாஸ் இசைத்தட்டுப் போட்டுடுவேன்."

அந்த வியாழனன்று ஆர்லீன் வெண்டலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வெட்டாத நாடாவைப் போட்டும் காட்டினாள். அவர் தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டார்.

"யாரு இந்த ஆளு? என்னவிட நல்லாச் சொல்றானே."

அவள் நாடாவை நிறுத்தினாள்.

"ஒட்டினதெல்லாம் நீயா?"

"ஆமா. வெட்டாம விட்டா சிரிப்பாங்க, வெண்டல். உங்க நோயப் பாத்துச் சிரிப்பாங்க."

அவர் மேசைமேலிருந்த பிளேடை எடுத்தார். இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"சிரிக்கட்டும். பன்னெண்டு வருஷமா அதுக்குத்தானே இந்தக் கரண்டிக்குள்ள வந்து ஒக்காந்திருக்கேன்."

நிகழ்ச்சி நிற்கவில்லை. கடிதங்கள் மீண்டும் குவிந்தன. பிறழ்ந்த சொற்களையே மெச்சிய அவற்றை, முன்போல் அவருக்குப் படித்துக் காட்டுவதை மட்டும் ஆர்லீன் விட்டுவிட்டாள். செப்டம்பரில் அட்டைமூடிகள் நின்றுபோயின. எழுதியதை அவரால் படிக்க இயலவில்லை. அக்டோபரில் நாற்பது நிமிடம் பதினெட்டாகச் சுருங்கியது. மீதிக்கு ரஸல் ஜாஸ் போட்டார்.

நவம்பர் மாதத்தின் இரண்டாம் வியாழன். வெண்டல் நாற்காலியில் அமர்ந்து, வழக்கம்போல் குனிந்தார். விரல்கள் காலணிக் கயிற்றைத் தொட்டன. முடிச்சைச் சுற்றிச் சுற்றி வந்தன. அதை என்ன செய்வதென்று அறியாமல் நின்றன. ஒலிநாடா ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து அவர் நிமிர்ந்து, கண்ணாடி வழியே அவளைப் பார்த்தார்.

"டாக்டரம்மா" என்றார். "இந்தக் கதவக் கொஞ்சம் கழட்டி விடேன்."

ஆர்லீன் நாடாவை நிறுத்தவில்லை. உள்ளே போய் அவர் முன் மண்டியிட்டாள். கயிற்றை அவிழ்த்து, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முதலில் இடக்காலணியையும் பிறகு வலக்காலணியையும் கழற்றினாள். முனைகள் சுவரைப் பார்க்கும்படி அவற்றை நாற்காலிக்கு அடியில் இணையாக வைத்தாள்.